சொன்ன விலைக்குக் கட்டின வீடு

பெட்டி வாசலுக்குள் முக்கால்வாசி போய், அதற்கு மேல் போகமாட்டேன் என்று நின்றுவிட்டது.

“இடப்பக்கமாக் கிறுகு, கிறுகு.”

“கிறுக இடம் எங்கடா? எண்ட முழங்கை சுவரில உரஞ்சுது.”

“அப்ப பின்னால எடு.”

“எடுத்துத்துத் திரும்ப வந்தாலும் இதே சுவர்தானேடா நிக்கப்போகுது!”

வெளியே தூறிக்கொண்டிருந்தது. தக்ஷாயினி பெட்டியின் கால்மாட்டில், கதவு நிலைக்கு வெளியே நின்றாள். அப்பாவைப் பாதை என்கிற மிதவையில் ஏற்றி வாவியைக் கடந்து கொண்டுவந்ததுவரை ஒரு தடங்கலும் இல்லை. வழமையாகக் காக்கவைக்கும் பாதைகூட இன்றைக்குக் கரையிலே தயாராக நின்றது. குருமண்வெளித் துறையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மண்டூர்ச் சந்தியிலே கடைக்காரர் பாட்டை நிறுத்தினார். இவ்வளவு தூரம் வந்த மனுசன் சொந்த வீட்டுக்குள் போகமுடியாமல் நிற்கிறார்.

சவம் பதப்படுத்துகிற மலர்ச்சாலையிலிருந்து பெட்டியோடு வந்த பிறின்ஸ் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், உள்ளங்கையால் சுவரை அளந்தான். வாசலால் போனால் ஒரு ஒடுங்கின நடை. நடை முடிகிற இடத்தில் இடப்பக்கம் திரும்பினால்தான் ஹோல். அந்தத் திருப்பத்தில் ஒரு ஆள் திரும்பலாம். கையிலே பை இருந்தால் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு திரும்பலாம். ஆறடிக்கு மேலான பெட்டி திரும்பாது.

“ஒரு வழி இரிக்கு” என்றான் பிறின்ஸ், மிகவும் மரியாதையான குரலில். “கோவிக்கப்படா. நிமித்தினா உள்ள போகலாம்.”

“நிமித்திறெண்டா?” என்று கேட்டார் சாமித்தம்பி மாமா. அம்மாவின் தம்பி.

“நட்டமா. நிக்கவெச்சி.”

அப்பா, கொண்டக்டர் கோணாமலை, கடைசி ட்றிப் முடித்து, பெட்டிக்குள்ளே விறைப்பாக நின்றபடி, மூடிக்கு உள்ளிருந்து ‘முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க’ என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வருவது தக்ஷாயினிக்குக் கண் முன்னே தெரிந்தது. சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. லேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பக்கத்து வீட்டுப் பூமணி மாமி அவளுடைய முதுகைத் தடவி, “அழு மனே, அழு. அடக்கப்படா” என்றாள். அப்பா செத்த அன்றைக்கே சிரிக்கிற மகள் என்று ஊரில் யாருக்கும் தெரியாமல் போனது அந்த லேஞ்சியின் புண்ணியம்.

“என்னகா அங்க? ஏன் நிக்கிறயள்?” ஹோலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. அன்னப்பூரணி பாய் விரித்து, குத்துவிளக்கை ஏற்றிவைத்து, அவர் வருகிறார் என்று இருந்தாள். நடையைப் பெட்டி அடைத்துக்கொண்டிருந்ததால் உள்ளே இருந்தவர்களால் வெளியே வர முடியவில்லை, வெளியே நின்றவர்களால் உள்ளே போக முடியவில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் மனுசன் மிதிபலகையை அடைத்துவிட்டார்.

கடைசியில் பெட்டியைப் பின்னுக்கு எடுத்தார்கள். முற்றத்தில் மழைக்குத் தறப்பாள் கட்டியிருந்த இடத்தில், இரண்டு நீள வாங்குகளின் மேல் வைத்தார்கள். அந்த இடம் முற்றமும் அல்ல, வீடும் அல்ல. விறாந்தைக்கென்று போட்ட அத்திவாரம். அதற்கு மேல் விறாந்தை வரவில்லை, புல்தான் வந்தது.

அம்மா நடையால் விறுவிறுவென்று வெளியே வந்தாள். வாங்கின் மேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

“உள்ளுக்குக் கொண்டு வாங்க. விளக்கு உள்ளுக்கெல்லோ இரிக்கு.”

“அக்கா, போகுதில்லக்கா. இஞ்ச வெச்சா என்ன? மேல நாலு தகரம் போட்டுத் தாறன். ஒரு துளி விழாது.”

“எண்ட மனுசன் முத்தத்தில கிடக்கவா?”

“அப்ப ஒண்டு செய்வம். ஆள மட்டும் தூக்கிக்கொண்டு போய்…” என்று தொடங்கினான் பெட்டி தூக்கினவர்களில் ஒருவன்.

“மருந்து ஏத்திப் பெட்டியில வெச்சா மறுகா எடுக்கிறல்ல” என்று பிறின்ஸ் குறுக்கே சொன்னான். “அது எங்கட முறையில்ல.”

“மூட்ட மாதிரித் தூக்கிக்கொண்டு போகவும் விடமாட்டன்” என்றாள் அம்மா. “நட்டமா நிக்கவெச்சிக் கொண்டுபோகவும் விடமாட்டன். கட்டின வீட்டில ஒரு ராப் படுத்துத்துத்தான் அந்த மனுசன் போகணும்.”

அப்போதுதான் அது நடந்தது. பூமணி மாமி பக்கத்தில் இருந்தவளிடம் இரகசியம் சொன்னாள். அவளுடைய இரகசியம் மண்டூர் முருகன் கோயில் வீதிவரை கேட்கக்கூடியது.

“பாத்தயா… கட்டின வீடே ஆள வேணாமெண்டித்து.”

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வாங்கின் காலடியில், நனைந்த புல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சேலை ஈரமாகும் என்று யாரோ பாய் கொண்டு ஓடினார்கள். அவள் பாயைத் தள்ளிவிட்டாள்.

தக்ஷாயினிக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நாளை அப்பா போய்விடுவார். அம்மா இனி இருக்கிற காலமெல்லாம் இந்த ஒரு வசனத்தோடு இந்த வீட்டுக்குள் இருக்கவேண்டும். அவளும் இருக்கவேண்டும்.

*

கோணாமலை அரசாங்க சிடிபி பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். எந்த இடத்துக்குள்ளும் இன்னும் நாலு பேர் போகலாம் என்பது அவருடைய சமயம். முருகன் அதற்கு அடுத்தபடிதான். பஸ் நிரம்பிவிட்டது என்று சொல்கிற சாரதிமாரை அவர் கோழைகள் என்று நினைத்தார்.

மகளுக்கு வீடு கொடுக்காமல் மகளைக் கொடுக்க முடியாத பகுதி இது. ஆகவே இளைப்பாறின காசு வந்ததும் மகளின் பெயரில் காணியை எழுதி, கொந்தராத்து யோசேப்பைக் கூப்பிட்டார். யோசேப்பு மட்டக்களப்பு தாண்டவன்வெளியில் பிறந்து, வாவிக்கு அக்கரையில், களுவாஞ்சிகுடிப் பக்கம் பெண் எடுத்து அங்கேயே இருப்பவர். மூன்று அறை, பெரிய ஹோல், விறாந்தை, முன்னுக்கு இரட்டைக் கதவு. யோசேப்பு ஒரு விலை சொன்னார், கோணாமலை ஓம் என்றார். எழுத்தில்லை. தேத்தண்ணி குடித்தார்கள், அத்தோடு சரி.

அத்திவாரம் போட்டு, ஹோல் சுவர் கதவு உயரத்துக்கு எழும்பினபோதுதான், சனம் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடம் வந்தது. ஒரு பை சீமேந்து காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை விற்றது. யோசேப்பு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணன், சொன்ன விலைக்கு இனி ஏலா. கொஞ்சம் கூட்டித் தாங்க.”

வேறு யாராக இருந்தாலும் இரண்டில் ஒன்று செய்திருப்பார்கள். கூட்டிக் கொடுத்திருப்பார்கள், அல்லது சண்டை பிடித்து வேலையை நிறுத்தியிருப்பார்கள். கோணாமலை மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்.

“விலையத் தொடாத யோசேப்பு. வீட்டத் தொடு.”

“விளங்கல்ல அண்ணன்.”

“கூடுற காசுக்கு வீட்டில எதயாவது எடு. விறாந்தைய எடு. விறாந்தையில ஆரு இரிக்கிற? நுளம்புதான்.”

விறாந்தை போனது. அடுத்த மாதம் யோசேப்பு திரும்ப வந்தார். மூன்றாவது அறை போனது. அதற்கென்று விட்ட இடத்தில் மிஞ்சின ஒடுங்கின துண்டு நடை ஆனது. பின்கதவு போனது. கடைசியாக முன்கதவு. இரட்டைக் கதவுக்கு மரம் வாங்குகிற காசுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று யோசேப்பு கணக்குச் சொன்னார். கோணாமலை நடையின் தலைப்பில் ஒற்றைக் கதவு ஒன்றைப் போடச் சொன்னார். “பக்கத்தால ஏறினா என்ன, முன்னால ஏறினா என்ன? பஸ்ஸில ரெண்டு பக்கமும் ஏறுறதுதானே.”

இலங்கையில் சீமேந்தின் விலையேற்றத்தைத் தோற்கடித்த ஒரே மனிதன் தான்தான் என்று தேத்தண்ணிக் கடையில் அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். “சொன்ன காசுக்கு மேல ஒரு சதம் குடுத்தனா? கேளுங்க அந்த யோசேப்ப.” அது உண்மைதான். ஒரு சதமும் கொடுக்கவில்லை.

வெல்லாவெளியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பருத்த மனுசி. நடையில் அவள் முன்னே போக, மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் பொறுமையாக நின்றார்கள். ஹோலுக்கு வந்து மூச்சு வாங்கினபின், “முன்வாசல் எங்கால?” என்று கேட்டாள். “இதுதான் முன்வாசல்” என்றார் கோணாமலை. “பக்கத்தால இரிக்கு. வெயில் அடிக்காது.” அவர்கள் வடை தின்றார்கள், வாழைப்பழம் தின்றார்கள், மிகவும் நல்லவிதமாகக் கதைத்தார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அன்று பின்னேரம் தக்ஷாயினி யோசேப்புக்கு அழைத்து, வாயில் வந்ததெல்லாம் சொன்னாள். வீடு கட்டின காலத்தில் அவரை மாமா, மாமா என்று கூப்பிட்டுத் தேத்தண்ணி குடிக்கச் சொன்ன வாய்தான். “இனி எங்கட வாசல் மிதிக்கப்படா” என்று முடித்தாள். எந்த வாசலை என்று அவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவருடைய இலக்கத்தைத் தன் தொலைபேசியில் ‘கள்ளன்’ என்று மாற்றிப் பதிந்தாள், தவறிக்கூட எடுத்துவிடக்கூடாது என்று. கள்ளன் ஒருநாளும் அழைக்கவில்லை.

அப்பாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. வெல்லாவெளிக் கமநல சேவை நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்த அவள், காலையில் மாப்பிள்ளையின் ஊருக்கே வேலைக்குப் போய், பின்னேரம் அந்த நடையால் உள்ளே வந்தாள். வயது முப்பத்துநாலு ஆகியிருந்தது. தான் மெல்லிசாக இருப்பது இந்த வீட்டுக்கு வசதி என்று தோழிமாருக்குச் சொல்வாள். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

*

“சுவர உடைக்கிறதுதான்” என்றார் சாமித்தம்பி மாமா.

வந்திருந்தவர்களில் உள்ளூர் மேசன் ஒருவர் இருந்தார். அவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். அங்கே இங்கே தட்டினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

“நான் கை வெக்க மாட்டன். எடுத்து எடுத்துக் கட்டின வீடு இது. எந்தச் சுவர் எதத் தாங்கிக்கொண்டு நிக்குதெண்டு கட்டினவனுக்குத்தான் தெரியும். நான் இஞ்ச தட்ட அங்கால விழுந்தா, மறுகா ரெண்டு பெட்டி எடுக்கவேண்டி வரும்.”

எல்லோரும் தக்ஷாயினியைப் பார்த்தார்கள். காணி அவளுடைய பெயரில் இருந்தது, இலக்கம் அவளுடைய தொலைபேசியில் இருந்தது, ஏச்சும் அவள் கொடுத்ததுதான். அம்மா மட்டும் பார்க்கவில்லை. பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த மழைத்துளிகளைச் சேலைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கத் தறப்பாளிலிருந்து வேறு துளிகள் விழுந்தன.

தக்ஷாயினி கோழிக்கூட்டுப் பக்கம் போய்க் கள்ளனுக்கு அழைத்தாள்.

“ஹலோ, ஆரு?”

“நான்…” என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. “கோணாமலைட மகள்.”

“சொல்லுங்க மகள்.”

“அப்பா மோசம் போயித்தாரு.”

“கேள்விப்பட்டன். வரலாமோ எண்டு தெரியாமத்தான் இரிக்கன்.”

“பெட்டி உள்ள போகுதில்ல.”

அவர் எங்கே என்று கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. பெருமூச்சுத்தான் கேட்டது.

“கடைசிப் பாதைக்கு முதல் வாறன்” என்றார்.

*

யோசேப்பு மோட்டார் சைக்கிளில் ஆளுயர இரும்பு அலவாங்கைக் கட்டிக்கொண்டு வந்தார். வயிறு வைத்திருந்தது, தலை நரைத்திருந்தது. வீட்டைப் பார்க்காமல் நேரே பெட்டியடிக்குப் போனார். செருப்பைக் கழற்றினார். சிலுவை போட்டுக்கொண்டார். அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு கையிலிருந்த அலவாங்கைப் பெட்டிக்குக் காட்டினார்.

“அண்ணன், அலவாங்கும் கொண்டுவந்திரிக்கன். டிக்கட் போடுங்க.”

கிழவர்கள் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அந்தக் கதை இந்தக் கரை முழுவதும் தெரிந்த கதை. யோசேப்பு கூலி மேசனாகத் திரிந்த காலத்தில், ஆயுதங்களோடு பஸ்ஸில் ஏறினால், கோணாமலை அவருக்கு ஒரு டிக்கட்டும் அலவாங்குக்கு ஒரு டிக்கட்டும் போடுவார். அது ஆளைவிட இடம் பிடிக்கிறது என்பது அவருடைய நியாயம். அம்மாவின் வாயோரம்கூட ஒரு தடவை அசைந்தது.

யோசேப்பு விறாந்தை அத்திவாரத்துக்கு எதிரே இருந்த ஹோல் சுவருக்குப் போனார். விரலை மடித்து ஒரு இடத்தில் தட்டினார். தள்ளி இன்னொரு இடத்தில் தட்டினார். சத்தம் மாறியது.

“இதுதான் வாசல்” என்றார்.

“எது?” என்றார் மாமா.

“ரெட்டைக் கதவுக்கு மேல் வளை முதலே கொங்கிறீற் போட்டுத்தம். மறுகாத்தானே கதவு வேணாமெண்டாரு. அடைச்சி விடெண்டாரு. பலமா அடைக்கவா எண்டு கேட்டன். ‘சீமேந்து விக்கிற விலைக்கு ஆரடா பலமா அடைக்கிற? சும்மா கல்ல அடுக்கிப் பூசிவிடு’ எண்டாரு. அடுக்கிப் பூசினதுதான். தட்டினா வந்திரும். வீட்டுக்கு ஒண்டும் ஆகாது.”

அப்பாவின் கஞ்சத்தனம் அவரை உள்ளே விடாமல் வைத்திருந்ததென்றால், அதே கஞ்சத்தனம் இப்போது வழியும் விடுகிறது. எதற்கு அழுவது என்று தக்ஷாயினிக்குத் தெரியவில்லை.

“எவ்வளவு கேக்கிறாய்?” என்றார் மாமா. இருபது பேருக்கு முன்னால் அதைக் கேட்கவேண்டும் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.

“உடைக்க ஒண்டும் வேணாம். மறுகா கதவு போட்டு, மேலால சின்னதாத் தாழ்வாரம் இறக்கத்தான் காசு.” யோசேப்பு ஒரு விலை சொன்னார்.

“அம்மோய்!” என்றார் மாமா. “செத்த வீட்டிலயுமாடா?”

“செத்த வீட்டு விலையில்ல. அண்ணனுக்குச் சொன்ன அதே விலைதான். திங்கக்கிழமையும் இதத்தான் சொன்னன்.”

“எந்தத் திங்கக்கிழம?” என்று கேட்டாள் தக்ஷாயினி.

யோசேப்பு அவளைப் பார்த்தார், பிறகு அலவாங்கைப் பார்த்தார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று அவருடைய முகம் கணக்குப் பார்த்தது.

“இந்தத் திங்கக்கிழமதான். காலமை எண்ட வீட்டுக்கு வந்துத்துத்தான் போனாரு.”

திங்கட்கிழமைதான் அப்பா துறையடியில் விழுந்தார். பாதைக்கு நின்ற சனம் தூக்கி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனது. அதன்பிறகு கண் திறக்கவில்லை.

“அவரு கிளினிக்குக்கெண்டெல்லோ போனவரு” என்றாள்.

“ஓம், அதுக்கும் போயிரிப்பாரு” என்றார் யோசேப்பு அவசரமாக.

“அடிக்கடி வாறவரா?”

“மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. முன்னுக்குப் போட்டிரிக்கிற கதிரையில இரிப்பாரு. தேத்தண்ணி குடிப்பாரு. ‘என்ன யோசேப்பு, விலை இறங்கித்தா?’ எண்டு கேப்பாரு. முன்கதவும் தாழ்வாரமும் எவ்வளவு வரும் எண்டு கேப்பாரு. நான் சொல்லுவன். ‘இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்’ எண்டுத்து எழும்பிப் போவாரு.”

மாதத்துக்கு ஒருநாள் அப்பாவுக்குக் கிளினிக். வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்த தலை. பிறசர் மருந்து வாங்கப் போகிறவருக்கு ஏன் இவ்வளவு சோடனை என்று அம்மா பகிடி பண்ணுவாள். போய்வந்து, “எல்லாம் சரியாத்தான் இரிக்கு” என்பார். வேறு ஒன்றும் சொல்லமாட்டார். தேத்தண்ணிக் கடையில் தன் வெற்றியைச் சொல்வதையும் அவர் விடவில்லை.

“சீமேந்து இறங்கினதுதானே?” அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “மனுசன் மாசாமாசம் வாறாரே எண்டு நீங்க கொஞ்சம் குறைச்சிரிக்கப்படாதா?”

“சீமேந்து இறங்கின, கூலி ஏறின.” யோசேப்பு அலவாங்கை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். “குறைச்சிரிக்கலாம் மகள். அவரு கொஞ்சம் கூட்டியிரிக்கலாம். இந்த வீடு நான் நட்டத்துக்குக் கட்டின வீடு. ஒரே ஆளுக்கு ரெண்டு தரம் நட்டப்பட நான் ஆரு?”

நட்டப்படாத கொந்தராத்துக்காரனை இந்தப் பகுதியில் யாரும் கண்டதில்லை. அதை நம்புவதா, விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கள்ளன் என்று நினைத்துக்கொண்டிருக்க எவ்வளவு வசதியாக இருந்தது.

“பாதை போயிரும்” என்றார் யோசேப்பு. “வீட்டுக்காரி நீங்க. உடைக்கவா?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெட்டியின் மூடியில் கையை வைத்தபடி, ஒன்றையும் கேட்காதவள் போல் இருந்தாள். ஆனால் துடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

“உடைங்க” என்றாள் தக்ஷாயினி.

அம்மா எழுந்தாள். நடையால் உள்ளே போனாள். குத்துவிளக்கைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, தூசு படாமல் சுடரைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்துகொண்டாள். வெளியே வாங்க, கல் விழும், என்று எத்தனை பேர் கூப்பிட்டும் வரவில்லை.

யோசேப்பு மேலிருந்து தொடங்கினார். பூச்சு முதலில் பாளம் பாளமாக விழுந்தது. பிறகு கல். அவர் சொன்னது சரிதான். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாத கற்கள், தொட்டதும் வந்தன. மாமா சேட்டைக் கழற்றிவிட்டு விழுந்த கல்லைத் தூக்கி எறியத் தொடங்கினார். பெட்டி தூக்கினவர்களும் சேர்ந்தார்கள். உள்ளூர் மேசன், தான் கை வைக்கமாட்டேன் என்று சொன்னதை மறந்து, யோசேப்புக்கு இடையிடையே ஆலோசனை சொன்னார். பூமணி மாமி பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் கிட்டப்போய் நின்றாள்.

தூசு அடங்கினபோது இரட்டைக் கதவின் அளவுக்கு வீடு திறந்திருந்தது. உள்ளே, நேர் எதிரே, அம்மா விளக்கோடு இருந்தாள். தலைமயிர், புருவம், தோள் எல்லாம் வெள்ளை. கையை எடுத்தாள். சுடர் அணையவில்லை.

“வாங்க” என்றாள்.

யாரைச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கினார்கள். திருப்பத் தேவையிருக்கவில்லை, சரிக்கத் தேவையிருக்கவில்லை. தோளோடு தோள் இரண்டு பேர் தாராளமாக நடந்து போனார்கள். பிறின்ஸ் தன் கறுப்புக் காற்சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு, “நல்ல வாசல்” என்றான். தொழில்முறையில் சொன்னான்.

*

விடிய, யோசேப்பு முதல் பாதையிலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சாரம் கட்டியிருந்தார். இரவில் காற்றுக்கு விளக்கு நூராமல் இருக்க, திறந்த பக்கத்தில் மாமா கட்டியிருந்த படங்கை அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக வைத்தார். சனம் வந்தது. எல்லோரும் முன்னாலேயே ஏறி உள்ளே வந்தார்கள். நடைப்பக்கக் கதவு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில்லை. அம்மா, வருகிறவர்கள் எங்கே நின்று பார்க்கலாம் என்று கையால் மட்டும் காட்டினாள். இடம் இருந்தது.

பெட்டியைத் தூக்கும் நேரம் யோசேப்பு தக்ஷாயினிக்குப் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இப்பிடித் திறந்தபடி விடேலாது மகள். பொம்பிளையள் ரெண்டு பேர் இரிக்கிற வீடு. கதவு எப்ப போடுவம்?”

“இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்” என்றாள் தக்ஷாயினி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னதைக் கேட்டாள். சாமித்தம்பி மாமாவுக்கு இருமல் வந்தது. யோசேப்பு அவளை ஒரு கணம் பார்த்தார். போய்ப் பெட்டியின் ஒரு மூலையில் தோளைக் கொடுத்தார்.

அப்பா போனார்.

ஆண்கள் எல்லோரும் மயானத்துக்குப் போனபின், வீட்டைக் கழுவப் பெண்கள்தான் மிஞ்சினார்கள். பூமணி மாமி கிணற்றில் அள்ளி அள்ளிக் கொடுத்தாள். தக்ஷாயினி முதல் வாளியை வாங்கிக்கொண்டு ஹோலின் உட்சுவர்ப் பக்கம் போனாள். வெள்ளிக்கிழமை தோறும் இந்த ஹோலைக் கழுவுகிறவள் அவள்தான். எங்கே ஊற்றினாலும் தண்ணீர் ஓடிப்போய் அந்த முன்சுவரடியில் தேங்கி நிற்கும். தும்புத்தடியால் அதை வாரி இழுத்து, நடைக்குத் திருப்பி, நடை நீளத்துக்கும் தள்ளிக்கொண்டு போய் வாசலால் விடவேண்டும். தளத்தின் சரிவை ஒழுங்காய்ப் போடத் தெரியாத யோசேப்பை ஏசாமல் ஒரு வெள்ளிக்கிழமையும் போனதில்லை.

சேலையை இடுப்பில் சொருகினாள். தும்புத்தடியைக் கையில் எடுத்துக்கொண்டு வாளியைச் சரித்தாள்.

தண்ணீர் ஒரு கணம் வட்டமாகப் பரந்தது. பிறகு சீமேந்துத் தூசியையும் பூவையும் வாரிக்கொண்டு, நேராக, ஒரு இடத்திலும் நிற்காமல், முன்வாசலால் இறங்கி, விறாந்தை அத்திவாரத்தின் மேல் வழிந்து, பால் போல் புல்லுக்குள் போனது.

“என்னகா பாத்துக்கொண்டு நிக்கிறாய்?” அம்மா அடுத்த வாளியை நீட்டினாள். “ஊத்து.”

ஊற்றினாள். அதுவும் போனது.

தும்புத்தடிக்கு வேலை இருக்கவில்லை. அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.